வன்னிக்கு ஒரு நீண்டகால வீடமைப்புத் திட்டம்: சனம் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலப் பகுதிகளில், வீட்டுத் தேவையை ஊரூராக எழுதி ஒரே திட்டமாகக் கேட்க வேண்டும் என்ற பேச்சு கொஞ்சக் காலமாக நடக்கிறது. இந்தக் கூட்டங்களில் குறிப்பெடுப்பவர்களில் நானும் ஒருவன். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். இதைச் சட்ட ஆலோசனையாக எடுக்க வேண்டாம். காணிப் பிரச்சினை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு வேறு.

வீட்டுத்திட்டம் எண்டால் விளங்குது. நீங்கள் சொல்லுற நீண்டகாலத் திட்டம் எண்டது என்ன?

வழக்கமான வீட்டுத்திட்டம் ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு தொகையும் ஒரு முடிவுத் திகதியும்தான். காசு வரும்போது வரும், முடியும்போது போய்விடும். பட்டியலில் பெயர் வராதவர் அடுத்த திட்டம் வரும்வரை தகரத்துக்குக் கீழே இருக்க வேண்டியதுதான்.

நாங்கள் பேசுவது வேறு. அடுத்த பதினைந்து இருபது வருடத்தில் இந்த ஊரில் எத்தனை குடும்பம் இருக்கும், அவர்களுக்குக் காணி எங்கே, அந்தக் காணிக்கு என்ன பத்திரம், நல்ல தண்ணீர் கிடைக்குமா, வீடு கட்டும் காசு மானியமா கடனா, பழைய வீட்டைத் திருத்த யார் உதவுவது, இதையெல்லாம் யார் தீர்மானிப்பது என்று எழுதி, வருடாவருடம் எடுத்துப் பார்த்துத் திருத்துவது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முதலாவது. தீர்மானிக்கிறவர் ஊருக்கு வெளியே இருந்தால் மற்றதெல்லாம் பிழைத்துப் போகும் என்பதற்கு வன்னியில் வேண்டிய அளவு சாட்சி கிடக்கிறது.

2009க்குப் பிறகு இவ்வளவு வீடு கட்டிக் குடுத்திட்டினம். இன்னும் என்ன குறை?

கட்டியது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வவுனியாவின் செட்டிக்குளத்தில் இருந்த மெனிக் பாம் முகாமில். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். திரும்பி வந்தவர்களிடம் இருந்தது தறப்பாளும் கொஞ்சத் தகரமும். இந்தியா 2010 இல் அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. முதல் ஆயிரத்தைக் கொந்துராத்துக்காரர் கட்டினார்கள். மற்றவற்றை 2012 ஒக்ரோபர் முதல் பயனாளிகளே கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வேலை ஏறும் மட்டத்தைப் பார்த்துத் தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், அரசின் மீள்குடியேற்ற அமைச்சு என்று வேறு வழிகளிலும் வீடுகள் வந்தன.

ஆனால் அன்று பத்து வயதுப் பிள்ளையாக மெனிக் பாமில் இருந்தவர் இன்று கலியாணம் கட்டிப் பிள்ளைகளோடு அதே இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். அந்தப் புதுக் குடும்பம் எந்தப் பட்டியலிலும் இல்லை. 550 சதுர அடி வீட்டுக்குள் இப்போது இரண்டு குடும்பம், சில இடங்களில் மூன்று. கொடுத்த தொகை பூச்சுவரை போதாமல் நகையை ஈடு வைத்தவர்கள், நுண்கடன் எடுத்தவர்கள் நிறையப் பேர். காணி இல்லாதவர் அப்போதும் பட்டியலில் இல்லை, இப்போதும் இல்லை.

பாதியில நிண்டுபோன வீடுகளைப் பற்றியும் கதைக்கிறியளோ?

கட்டாயம். இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2018, 2019 காலத்தில் அரசு தொடங்கிய மாதிரிக் கிராம வீட்டுத்திட்டங்களில், 2019 கடைசியில் ஆட்சி மாறியதோடு தவணைக் காசு நின்றது. இருந்த கொட்டிலைப் பிரித்து அதே இடத்தில் அத்திவாரம் போட்டவர்களுக்குத்தான் பெரிய அடி. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. லின்ரல் மட்டத்தில் நின்ற சுவருக்கு மேல் தறப்பாளை இழுத்துக் கட்டி உள்ளே இருந்தார்கள். பிறகு 2022 நெருக்கடி வந்து, ஒரு மூட்டைச் சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியது. பழைய கணக்கில் போட்ட தொகையால் கூரை போட வழியில்லை.

இப்படியான வீட்டுக்குப் புது வீட்டின் செலவு தேவைப்படாது, ஆனால் உடனே தேவை. மழையில் நனைந்து நனைந்து கம்பி துருப்பிடித்தால் கட்டியதையும் இடிக்க வேண்டி வரும். இன்னொன்று: பயனாளி என்று பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டதால், "உங்களுக்கு வீடு தந்தாயிற்று" என்று அடுத்த திட்டத்தில் வெட்டிவிடுகிறார்கள். முடிக்காத வீட்டை வீடாகக் கணக்கிடக் கூடாது என்று ஒரு வரி திட்டத்தில் இருந்தால், அந்த ஒரு வரியே பல குடும்பத்துக்கு உதவும்.

காணி இருக்கு. பெர்மிட் அப்பான்ர பேரில. நான் வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமோ?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வன்னியில் பெரும்பகுதிக் காணி, தனியாருக்கு முழு உரிமை உள்ள உறுதிக் காணி அல்ல, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திர (பெர்மிட்) காணி. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை நம்பி வந்த குடியேற்றங்கள் எல்லாம் அப்படித்தான். அந்தச் சட்டப்படி பெர்மிட் ஒருவர் பெயரில் இருக்கும், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று அவர் ஒரு பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே காணியைப் பிரிக்க முடியாது. குடியேறியவருக்கு ஐந்து பிள்ளைகள் என்றால், ஒருவருக்குத்தான் பத்திரம். மற்ற நால்வரும் அதே வளவுக்குள் கொட்டில் போட்டு இருப்பார்கள். ஊருக்கு அவர்கள் காணிக்காரர், கந்தோருக்குக் காணியற்றவர்.

அப்பா உயிரோடு இருந்தால், பிரதேச செயலரின் அனுமதியோடு பெயர் மாற்றமோ, வீடு கட்டச் சம்மதக் கடிதமோ எடுக்கலாம். சம்மதக் கடிதத்தை ஏற்பதா இல்லையா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறியிருக்கிறது. அப்பா இறந்திருந்து பின்னுரித்தும் குறிக்கவில்லை என்றால், சட்டத்தின் அட்டவணைப்படி உரித்து இறங்கும். முன்பு அந்த அட்டவணையில் மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். 2022 இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. பழைய நினைப்பில் "பொம்பிளைப் பிள்ளைக்கு வராது" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாமல், பிரதேச செயலகக் காணிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

என்ர மனுசனைக் காணேல்லை. பெர்மிட் அவற்ற பேரில. செத்திட்டார் எண்டு எழுதிக் குடுக்க எனக்கு மனமில்லை. வேற வழி இருக்கோ?

இருக்கிறது, அக்கா. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று காட்டும் சான்றிதழ் எடுக்கலாம். உதவித்திட்டங்களுக்கும் சில சொத்து விடயங்களுக்கும் அதைக் காட்டலாம். அதை எடுத்ததால் நீங்கள் தேடுவதை நிறுத்திவிட்டதாக அர்த்தம் இல்லை.

உறுதிக் காணி என்றால் இன்னொரு சிக்கல் வரலாம். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் எங்கே என்று தெரியாதவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இவ்வளவு இருக்கும்போது, இலவசச் சட்ட உதவியையும் வீடமைப்புச் செலவோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். சீமெந்துக்குக் காசு ஒதுக்கி, பத்திரத்துக்கு ஒதுக்காமல் விட்டால் வீடு எழும்பாது.

கனடாவில பூர்வகுடிச் சனத்துக்கு இப்பிடி ஒரு திட்டம் செய்தவையாமே. தம்பி அங்கயிருந்து சொன்னவன். அது என்ன கதை?

கதை கொஞ்சம் நீளம், ஆனால் எங்களுக்குப் படிக்க நிறைய இருக்கிறது. கனடா 2017 இல் பத்து வருடத் தேசிய வீடமைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2019 இல் போதுமான வீடு மனித உரிமை என்று சட்டத்திலும் எழுதியது. முதற்குடிகள், இனுயிற், மெற்றி என்று மூன்று பூர்வகுடி மக்களுக்கும் தனித்தனித் திட்டம் என்றும் பேசினார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை. பூர்வகுடி மக்களில் பெரும்பகுதி, முதற்குடிகளுக்கென்று ஒதுக்கிய ஒதுக்கு நிலங்களுக்கு வெளியே, நகரங்களிலும் கிராமங்களிலும் வட பகுதியிலும் வாழ்கிறது. அவர்கள் எந்தப் பெட்டிக்குள்ளும் விழவில்லை. ஊரில் இருந்தால் ஊர்ச் சபை பார்க்கும், நகரத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்துவிட்டால் பார்க்க ஆளில்லை. அந்த மக்களின் வீடமைப்பு அமைப்புகள் பல வருடம் கத்தித்தான் 2022 வரவுசெலவுத் திட்டத்தில் நகர, கிராம, வட பகுதிப் பூர்வகுடி வீடமைப்புத் திட்டம் எழுத 30 கோடி டொலர் வந்தது. 2023 இல், 2024 முதல் ஏழு வருடத்துக்கு 400 கோடி டொலர் அறிவிக்கப்பட்டது. உடனடித் தேவைக்காக ஒரு பகுதியை, ஏறத்தாழ 28 கோடி டொலரை, பூர்வகுடி மக்களே நடத்தும் ஒரு தேசிய வீடமைப்பு அமைப்பிடம் பங்கிடக் கொடுத்தார்கள். எங்களுக்கானதை நாங்களே செய்வோம் என்பதுதான் அவர்கள் கேட்டது.

அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நினைக்க வேண்டாம். 2021 குடிசன மதிப்பீட்டில், பூர்வகுடி மக்களில் நூற்றுக்கு 16.4 பேர் பெரிய திருத்தம் தேவைப்படும் வீட்டில் இருந்தார்கள். மற்றவர்களில் அது 5.7. கனேடிய மத்திய அரசு 1993 இல் ஒதுக்கு நிலங்களுக்கு வெளியே புதிய சமூக வீடுகளுக்குக் காசை நிறுத்தியதன் தாக்கம் இன்னும் இருக்கிறது. அரசு மாறித் தவணை நின்ற கதை எங்களுக்கு மட்டும் உரியதல்ல.

எங்கள் பெர்மிட் சிக்கலுக்கும் அங்கே ஒரு சோடி உண்டு. ஒதுக்கு நிலத்தில் உள்ள சொத்தைப் பூர்வகுடி அல்லாதவருக்கு ஈடு வைக்க முடியாது என்று அவர்களின் இந்தியர் சட்டம் சொல்கிறது. நிலம் கைவிட்டுப் போகாமல் காக்கவே அந்த விதி. ஆனால் அதனால் சாதாரண வங்கிக் கடனும் கிடைக்காது. இங்கே பெர்மிட் காணியை ஈடாக எடுக்க வங்கி தயங்குவதும் ஏறக்குறைய இதே மாதிரித்தான். பாதுகாப்பும் வேண்டும், கடனும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தீர்க்க அங்கே அரசு உத்தரவாதம் கொடுக்கும் கடன்களை முயன்றிருக்கிறார்கள். எங்கள் திட்டத்திலும் அதைக் கேட்கலாம்.

அப்ப நாங்களும் பூர்வகுடியோ? அப்பிடி எழுதினால் கூடக் கிடைக்குமோ?

கூட்டத்தில் இதைக் கேட்டால் இரண்டு பக்கமும் சத்தம் வரும். முள்ளியவளை, குமுழமுனை, பனங்காமம் போன்ற பழைய ஊர்களில் குளத்தையும் வயலையும் கோயிலையும் சுற்றித் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் உண்டு. வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் காலத்துக்கும் முந்திய ஊர்கள் அவை. அந்த உறவை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இலங்கையில் பழங்குடி மக்கள் என்று சொல்லும்போது பொதுவாகக் குறிப்பது வேடர் சமூகத்தை. வாகரை, மூதூர்ப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பெயரை நாங்கள் எடுத்துப் போட்டுக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து.

பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுக்கலாம். பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007 இல் வந்தது. இலங்கை ஆதரித்து வாக்களித்தது. கனடா அன்று எதிர்த்து வாக்களித்தது, பிறகுதான் மாறியது. அதன் 23 ஆவது உறுப்புரை, தங்களைப் பாதிக்கும் வீடமைப்புத் திட்டங்களை உருவாக்குவதிலும் தங்கள் நிறுவனங்கள் மூலம் நடத்துவதிலும் அந்த மக்களுக்குப் பங்கு வேண்டும் என்கிறது. நல்ல யோசனை, எந்த ஊரும் எடுக்கலாம். எல்லாருக்கும் பொருந்துவதென்றால், இலங்கை 1980 இல் ஏற்றுக்கொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 11 ஆவது உறுப்புரை இருக்கிறது. போதுமான வீடு என்றால் குடியிருப்புப் பாதுகாப்பு, தண்ணீர் முதலிய வசதி, தாங்கக்கூடிய செலவு, பொருத்தமான இடம், வாழ்முறைக்கு ஏற்ற அமைப்பு எல்லாம் சேர்ந்தது என்று 1991 இல் ஐ.நா. குழு விளக்கமும் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டிக் கேட்க யாரும் தன் பூர்வீகத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

நாங்க எழுவத்தேழு கலவரத்துல தோட்டத்த விட்டு வந்தவங்க. ஊர்க்காரவங்க திட்டம்னா எங்கள கணக்குல எடுப்பீங்களா?

எடுக்காவிட்டால் அது வன்னியின் திட்டமே அல்ல. 1958 க்குப் பிறகும், 1977, 1983 வன்முறைகளுக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள்தான் காட்டை வெட்டி, கூலிக்கு உழைத்து, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் பல கிராமங்களை உண்டாக்கினார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போனால் தெரியும். போரில் எல்லாரையும் போலத்தான் ஓடினார்கள், எல்லாரையும் போலத்தான் இழந்தார்கள்.

ஆனால் காணிக்கு வரும்போது கடைசி வரிசை. பலருக்கு இருப்பது அரச காணியில் பத்திரமில்லாத குடியிருப்பு, அல்லது யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் காணிக்காரரின் நிலத்தில் வாய்ப்பேச்சு அனுமதி. வயல் காணியும் இல்லை, குளத்துத் தண்ணீரில் பங்கும் இல்லை. எங்களுக்குள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வைக் கொழும்பு உண்டாக்கவில்லை. முந்தின கேள்வியில் பூர்வீகம் என்ற அளவுகோலை நான் ஏன் தவிர்த்தேன் என்றால், அதை முதலில் தூக்கிக் காட்டுவது இவர்களுக்கு எதிராகத்தான். திட்டத்தில் காணிப் பங்கீடு வரும்போது, ஏற்கெனவே இருக்கும் இடத்தில் பத்திரம் கொடுப்பதுதான் இவர்களுக்கு முதற்படி.

நாங்க தொண்ணூறுல வெளியேத்தப்பட்ட முஸ்லிம் ஆக்கள். பிள்ளைகள் புத்தளத்துல பிறந்ததுகள். எங்களுக்குப் பழைய காணி மட்டும் போதுமா?

போதாது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது போனது ஒரு குடும்பம், திரும்பி வருவது நான்கு குடும்பம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, மன்னாரின் முசலி எல்லாவற்றிலும் இதே கணக்குத்தான். மேலே பெர்மிட் பற்றிச் சொன்ன பிரிக்க முடியாத காணிச் சிக்கல் இங்கே இன்னும் கூட. வருவதா, புத்தளத்தில் இருப்பதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். "நிரந்தரமாக வந்து இருக்கிறீர்களா" என்று இரவில் போய் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது தெரிவு முறை அல்ல.

வவுனியா டவுனுக்குள்ள வாடகைக்கு இருக்கிறம். இந்தத் திட்டமெல்லாம் கிராமத்துக்குத்தானே?

இதுவரை அப்படித்தான். சொந்தக் காணி உள்ளவருக்கே வீடு என்ற விதி நகரத்து ஏழையை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் றெயில் பாதை ஒதுக்கில், வீதி ஒதுக்கில், குளத்து ஒதுக்கில் இருப்பவர்களை அனுமதியற்றவர்கள் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்றால் வேலை, ஆஸ்பத்திரி, பிள்ளையின் படிப்பு. ஊரில் வீடு கொடுத்து அனுப்பினாலும், கூலிவேலை டவுனில் இருக்கும்வரை திரும்பி வருவார்கள். கனடாவின் ஓட்டை என்று சொன்னேனே, எங்கள் ஓட்டை இது.

நகரத்துக்கு வாடகை வீடும் வேண்டும் என்று எழுத வேண்டும். நகரசபையோ கூட்டுறவுச் சங்கமோ சொந்தமாக வைத்திருந்து, வருமானத்துக்கு ஏற்ற வாடகைக்குக் கொடுக்கும் வீடு. கணவன் இல்லாத இளம் தாய், முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு அத்திவாரம் வெட்டு, மேசன் பிடி என்று காசைக் கையில் கொடுப்பதைவிட இது பெரிய உதவி. குளத்து ஒதுக்கில் இருப்பவரை எழுப்பத்தான் வேண்டும் என்றால், அதே நகரத்துக்குள் மாற்றிடம் கொடுத்துவிட்டு எழுப்பட்டும்.

இரும்பு வீடு தாறம் எண்டவங்களை எங்கட ஆக்கள் வேண்டாம் எண்டு திருப்பி விட்டினம். அது பிழைதானே? அவ்வளவு வீடும் போச்சே.

2015, 2016 இல் இரும்புப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் 65,000 பொருத்து வீடுகள் பற்றிப் பேச்சு எழுந்தது. ஒரு வீட்டுக்கு முதலில் சொன்ன விலை 21 இலட்சத்துக்கும் மேல். அதே காசில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்பதுதான் எதிர்த்தவர்களின் முக்கிய கணக்கு. வெக்கை, ஆயுள், பழுதானால் ஊர் மேசனால் திருத்த முடியாமை, கட்டுமான வேலை ஊராருக்குக் கிடைக்காமை என்று மற்றக் குறைகளும் இருந்தன. எதிர்த்தது சரி. ஆனால் அதற்குப் பதில் இதைத் தாருங்கள் என்று ஊர்களிலிருந்து எழுதிய ஒன்று கையில் இருக்கவில்லை. அதனால் வருடங்கள் போயின, தகரக் கொட்டிலில் இருந்தவருக்கு அது பெரிய விலை.

வீட்டின் அமைப்பைப் பற்றியும் ஒன்று. மாசி, பங்குனியில் காலபோக வெட்டு முடிந்ததும் ஒரு வயற்கார வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். விறாந்தையிலும் ஹோலிலும் நெல் மூட்டை கூரை முட்ட அடுக்கியிருக்கும். படுக்கிற அறையில் உரமும் மருந்துப் போத்தலும் மருந்தடிக்கிற மெசினும். வரைபடத்தில் இருந்த சின்னக் குசினி பாத்திரம் வைக்கும் இடமாகிவிட்டது, சமையல் பின்னால் தகரத்தில் இறக்கிய பத்தியில் விறகு அடுப்பில் நடக்கிறது. அந்தப் புகை நேரே பின் அறை யன்னலுக்குள். இதெல்லாம் வீட்டுக்காரியிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மீன்பிடிக்கிறவருக்கு வலையும் எஞ்சினும் வைக்க இடம், வயற்காரருக்கு நெல்லுக்கு ஒரு காற்றோட்டமான அறை, எல்லாருக்கும் வெளிக்குசினி. சீமெந்தோடு மண்ணைக் கலந்து அமுக்கிச் செய்யும் கல்லையும் பார்க்கலாம், மணல் விலை ஏறும் காலத்தில் செலவைக் குறைக்கும்.

கொந்துராத்துக்காரரிட்ட குடுத்தால் சுகம்தானே? ஏன் சனத்தின்ர தலையில போடுவான்?

முடிந்தவர்களுக்குத் தாங்களே கட்டுவதுதான் நல்லது. கல்லின் தரத்தைப் பார்ப்பார்கள், மேசனோடு சண்டை பிடிப்பார்கள், கையில் இருப்பதைப் போட்டு ஓர் அறை கூட எடுப்பார்கள். முடியாதவர் இருக்கிறார். அவருக்கு ஊர்ச் சங்கம் பொறுப்பெடுத்துக் கட்டிக்கொடுக்கலாம், அதற்கு ஒரு சிறு தொகை நிர்வாகச் செலவாக வர வேண்டும். ஒரே விதியை எல்லாருக்கும் போடுவதால்தான் சிக்கல்.

புள்ளி போட்டு எங்களை வெட்டிப்போட்டினம். நானும் மனுசியும் மட்டும் எண்டால் வீடு தேவையில்லையோ?

தேவை. பயனாளிகளைத் தெரியப் புள்ளி போட்டு, குடும்ப அங்கத்தவர் தொகை கூடியவர்களுக்குக் கூடிய புள்ளி கொடுத்தபோது, போரில் பிள்ளைகளை இழந்து இரண்டு பேராக மிஞ்சியவர்கள் பின்னுக்குப் போனார்கள். இழப்புக் கூடக் கூடப் புள்ளி குறைந்தது. கணக்கெழுதியவருக்கு இது படவே இல்லை. தனியாக இருப்பவருக்குச் சின்ன வீடு போதும், ஒரு அறையும் மலசலகூடமும் குசினியும். வீடே இல்லை என்பதற்கும் பெரிய வீடு என்பதற்கும் இடையில் ஒரு அளவு இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி குறையும்.

புள்ளிப் பட்டியலைச் சனசமூக நிலையத்தில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்து, ஆட்சேபத்தை விசாரித்தவர் யார் என்றும் எழுத வேண்டும். கிராம அலுவலரை மட்டும் திட்டிப் பயனில்லை, அவருக்கு மேலே இருந்து வரும் எண்ணிக்கைக்குள் அவர் அடக்க வேண்டியிருக்கிறது.

எங்கட பழைய ஊருக்குள்ள வனவளத் திணைக்களம் கல்லு நட்டிருக்கு. இன்னொரு பக்கம் ஆமிக் காம்ப். வேற இடத்தில வீடு தந்தால் வாங்கிறதோ, விடுகிறதோ?

வாங்குங்கள், ஆனால் பழைய காணியை விட்டுக்கொடுத்ததாக எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்க வேண்டாம். கேப்பாப்பிலவு மக்களைப் பாருங்கள். மெனிக் பாம் மூடியபோது மாதிரிக் கிராமம் என்று வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். அதனால் சொந்த ஊர் கேட்பதை அவர்கள் நிறுத்தவில்லை. பக்கத்தில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரிக் கடைசியில் விமானப்படை முகாம் வாசலில் இருந்து, மார்ச் முதலாம் திகதி தங்கள் காணிக்குள் போனார்கள்.

முப்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த இடம் காடாகத்தான் தெரியும். அதற்குள் நடந்து பார்த்தால் கிணற்றுக்கட்டு, வைத்த புளியமரம், மாமரம், இடிந்த பிள்ளையார் கோயில், உடைந்த குளக்கட்டு எல்லாம் இருக்கும். படம் எடுங்கள். பழைய வாக்காளர் பதிவு, பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவு, பங்கீட்டு அட்டை, பெர்மிட்டின் ஒரு துண்டு, எது கிடைத்தாலும் சேர்த்து வைத்துப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இதையெல்லாம் ஆர் செய்யவேணும்? மாகாணசபையோ, கொழும்போ?

சட்டப்படி வீடமைப்பு மாகாணப் பட்டியலில் இருக்கிறது. மாகாணசபைகளை உண்டாக்கிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் சொன்ன தேசியக் காணி ஆணைக்குழுவோ இதுவரை அமைக்கப்படவில்லை. வட மாகாணசபை 2013 இல் தெரிவாகி 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது, பிறகு தேர்தல் இல்லை. காணிக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம், காட்டுக்கு ஒரு பக்கம் என்று கந்தோர்கள் பிரிந்து நிற்கின்றன. இதற்காகக் காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை போகும். இப்போதைக்குப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் ஊரின் எழுத்து மேசைக்கு வருவதுதான் நடைமுறை வழி.

சரி, நாளைக்குக் கூட்டம் வைச்சால் முதல் என்ன எழுதுறது?

வீடு வீடாக ஒரு கொப்பி. ஒரே கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம், காணி யார் பெயரில், என்ன பத்திரம், வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது, கிணறு மலசலகூடக் குழியிலிருந்து எவ்வளவு தூரம், 2018 மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் ஏறியதா, யானை வரும் பாதையா. குடும்பத் தலைவர் என்ற நிரலில் கணவன் மனைவி இருவரின் பெயரையும் எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவரையும், அடுத்தவர் காணியில் இருப்பவரையும், வேலைக்காக டவுனில் இருப்பவரையும் விட வேண்டாம்.

பிறகு ஊரில் உள்ள அரச காணியையும் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் தனியாகக் குறியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரருக்கு எழுதிக் கேட்டால், சிலர் குத்தகைக்கோ விலைக்கோ சம்மதிப்பார்கள். காணி யாருக்கு என்று விசாரித்துத் தெரியும் காணிக் கச்சேரி வைக்கும்போது அறிவித்தல் எல்லாருக்கும் போனதா என்று பாருங்கள், அன்றைக்கு வராதவரின் பெயர்தான் முதலில் விடுபடும். கொப்பியின் ஒரு பிரதி ஊர்ச் சங்கத்தில், ஒன்று மாதர் சங்கத்தில், ஒன்று பிரதேச செயலகத்தில் திகதி முத்திரையோடு.